சைக்கிள் மீட்டரில் சில்லின் சரியான அளவை வைப்பது: மலையகத்தில் ஓடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சில்லின் அளவை மீட்டருக்கு ஏன் சொல்ல வேண்டும்? அதுவாகவே கண்டுபிடிக்காதா?

கண்டுபிடிக்காது. கம்பியுள்ளதோ இல்லாததோ, சாதாரண சைக்கிள் மீட்டருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: சில்லு எத்தனை தடவை சுற்றியது என்பது. முன் ஃபோர்க்கில் சென்சார் இருக்கிறது, சில்லுக் கம்பி ஒன்றில் காந்தம் இருக்கிறது. காந்தம் சென்சாரைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் சிறு சுவிட்ச் ஒருமுறை மூடித் திறக்கும். மீட்டர் அதை எண்ணி, நீங்கள் கொடுத்த சுற்றளவால் பெருக்குகிறது. தூரம், வேகம், சராசரி, உச்ச வேகம் எல்லாம் அந்தப் பெருக்கலில் இருந்துதான் வருகின்றன.

ஆகவே கொடுத்த எண் 2 சதவீதம் பிழையென்றால் எல்லாமே 2 சதவீதம் பிழை. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரைக் கிலோமீட்டர் எங்கோ காணாமல் போகும், அல்லது இல்லாத ஒன்றரைக் கிலோமீட்டர் சேர்ந்துவிடும்.

சுற்றளவு என்றால் எந்தச் சுற்றளவு? ரிம்மினதா, டயரினதா?

டயரினது. அதுவும் நீங்கள் ஏறி உட்கார்ந்திருக்கும்போது, சில்லு ஒரு முழுச் சுற்று உருண்டால் சைக்கிள் தரையில் எவ்வளவு முன்னே போகிறதோ அந்த நீளம். இதை மில்லிமீட்டரில் கொடுக்க வேண்டும். பெரியவர்கள் ஓடும் சைக்கிள்களில் இது பெரும்பாலும் 2000க்கும் 2330க்கும் இடையில் வரும்.

டயரில் 26 என்று இருக்கிறது. மீட்டர்ப் பெட்டியோடு வந்த தாளில் 26 அங்குலத்துக்கு 2070 சொச்சம் என்று போட்டிருக்கிறது. அதையே வைத்தால் போதாதா?

மலையகத்து சைக்கிள்களில் அதிகம் நடக்கும் பிழையே இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

26 அங்குலத்தை 25.4ஆல் பெருக்கி, 3.1416ஆலும் பெருக்கினால் 2075 வரும். மலிவான மீட்டர்களின் தாளில் வெறும் அங்குலத்துக்கு நேரே இருக்கும் எண்கள் பெரும்பாலும் இப்படிப் பெருக்கி வந்தவைதான். யாரும் ஒரு டயரைத் தரையில் உருட்டி அளந்து எழுதியதல்ல. 26 என்பது டயரின் பெயர், அதன் உண்மையான விட்டம் அல்ல.

ஒரே 26 என்ற பெயரில் இங்கே குறைந்தது இரண்டு வகைச் சில்லுகள் ஓடுகின்றன. மவுண்டன் சைக்கிளின் 26×1.95 போன்றவற்றின் ரிம் விட்டம் 559 மி.மீ. யப்பானில் இருந்து மறுபாவனைக்கு வரும் கூடை வைத்த சைக்கிள்களில் உள்ள 26×1⅜ டயரின் ரிம் 590 மி.மீ. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. சுற்றளவும் வேறு: 26×1.75க்கு ஏறத்தாழ 2023, 26×1⅜க்கு ஏறத்தாழ 2068. வித்தியாசம் 45 மி.மீ., அதாவது 2.2 சதவீதம்.

28 என்ற பெயர் இன்னும் மோசம். ரேஸ் சைக்கிளின் 700சி டயரையும் சிலர் 28 அங்குலம் என்பார்கள். 28ஐப் பெருக்கினால் 2234 வரும். ஆனால் 700×23சி டயரின் உண்மையான சுற்றளவு 2096 அளவில்தான் இருக்கும். இந்தப் பிழை ஆறரை சதவீதம். இறக்கத்தில் 56இல் போகிறவருக்கு மீட்டர் கிட்டத்தட்ட 60 காட்டும்.

அப்படியானால் டயரில் எந்த எண்ணைப் பார்ப்பது?

டயரின் பக்கவாட்டில் இரண்டு எண்கள் நடுக்கோட்டோடு அச்சாகியிருக்கும்: 50-559, 37-590, 25-622 என்பது போல. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். அங்குலப் பெயர்களில் உள்ள குழப்பம் இதில் கிடையாது. சேறு காய்ந்து எழுத்தை மூடியிருந்தால் ஈரத் துணியால் துடைத்து, டோர்ச்சைச் சரித்துப் பிடித்துப் பாருங்கள், தெரியும்.

622 என்றால் 700சி, 29 அங்குலம் இரண்டுமே அதுதான். 584 என்றால் 27.5. பழைய பெரிய சில்லு சைக்கிளின் 28×1½ டயர் 635. யப்பான் சைக்கிளில் 27 என்று இருந்தால் மிகக் கவனம்: 27×1⅜ பெரும்பாலும் 609, 27×1¼ என்றால் 630.

உடனடியாக வைக்க ஒரு எண் வேண்டும். தர முடியுமா?

அளக்க நேரம் கிடைக்கும்வரை இவற்றை வைத்து ஓடலாம். எல்லாம் மில்லிமீட்டரில்.

20×1.75 – 1515
24×1.75 – 1890
26×1.75 – 2023
26×1.95 – 2050
26×2.1 – 2068
26×1⅜ – 2068
27.5×2.1 – 2148
28×1½ – 2224
700×23சி – 2096
700×25சி – 2105
700×28சி – 2136
700×32சி – 2155
700×35சி – 2168
29×2.1 – 2288

உங்கள் டயர் பட்டியலில் இல்லையென்றால், ரிம் விட்டத்தோடு டயர் அகலத்தின் இரு மடங்கைக் கூட்டி 3.1416ஆல் பெருக்குங்கள். 37-590க்கு: 590 + 74 = 664, பெருக்கினால் 2086. இந்தக் கணக்கு எப்போதும் சற்றுக் கூடுதலாகவே வரும், ஏனென்றால் உங்கள் பாரத்தில் டயர் அழுந்துவது அதில் சேரவில்லை. 1 சதவீதம் குறைத்துக்கொண்டால் (இங்கே 2065) உண்மைக்கு மிக அருகில் வந்துவிடும். ரேஸ் சைக்கிளின் ஒல்லி டயருக்கு அரைச் சதவீதத்துக்கும் குறைவாகக் குறைத்தால் போதும்.

சரியாக அளப்பது எப்படி?

தேவையானவை: 12 மீட்டருக்குக் குறையாத அளவு டேப் (மேசன்மார் வைத்திருக்கும் நீள டேப் நல்லது, துணி டேப் இழுபடும், வேண்டாம்), வெண்கட்டி, காற்றுப் பம்ப், உதவிக்கு ஒருவர்.

முதலில் காற்று. நீங்கள் வழக்கமாக எவ்வளவு காற்றோடு ஓடுவீர்களோ அதே அளவு அடியுங்கள். அளப்பதற்காகக் கல் போல அடித்துவிட்டு பிறகு மெத்தென்று ஓடினால் அளந்ததில் பயனில்லை.

சென்சார் எந்தச் சில்லில் இருக்கிறதோ அந்தச் சில்லைத்தான் அளக்க வேண்டும். பெரும்பாலும் முன் சில்லு. அதன் வால்வு நேர் கீழே வரும்படி சைக்கிளை நிறுத்துங்கள். வால்வுக்கு நேரே டயரின் பக்கத்தில் வெண்கட்டியால் ஒரு கோடு, அதற்கு நேரே தரையில் ஒரு கோடு. நீங்கள் ஏறி, ஹேண்டிலைப் பிடித்து, வழக்கமாக உட்காருவது போல உட்காருங்கள். முதுகில் பை மாட்டி ஓடுபவரென்றால் பையோடு. உதவியாளர் ஒரு பக்கத்தில் தாங்கிக்கொண்டு நேர்கோட்டில் மெல்லத் தள்ளட்டும். டயரில் உள்ள கோடு ஐந்தாம் தடவை நேர் கீழே வந்ததும் நிறுத்தி, தரையில் மறு கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் இடையிலான நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து ஐந்தால் வகுத்தால் உங்கள் எண் வரும்.

உதாரணமாக 26×1.95 டயர் ஐந்து சுற்றில் 10 மீட்டர் 23.5 சென்ரிமீட்டர் போனது என்று வையுங்கள். 10235 ÷ 5 = 2047. பட்டியலில் 2050 இருந்தாலும் 2047ஐ வையுங்கள். பட்டியலுக்கு உங்கள் பாரம் தெரியாது.

ஏன் ஐந்து சுற்று? கோடு போடும்போதும் நிறுத்தும்போதும் 5 மி.மீ. அங்கே இங்கே போவது சாதாரணம். ஒரே சுற்றை அளந்தால் அந்த 5 மி.மீ. முழுதாகப் பிழையில் சேரும். ஐந்து சுற்றில் அது 1 மி.மீ. ஆகிவிடும்.

பிறகு எதிர்த்திசையில் ஒரு தடவை அளந்து பாருங்கள். இரண்டு நீளங்களுக்கும் இடையில் 1 சென்ரிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சைக்கிள் நேர்கோட்டில் போகாமல் வளைந்து ஓடியிருக்கிறது. வளைந்தால் சில்லு உருண்ட தூரத்தைவிட டேப் காட்டும் நேர்த்தூரம் குறையும், எண் சிறிதாக வரும்.

எங்கள் பக்கம் சமதரையே இல்லை. எங்கே போய் அளப்பது?

பன்னிரண்டு மீட்டர் சொச்சம்தான் வேண்டும், ஆகவே தேடினால் கிடைக்கும். தோட்டத்துப் பிரட்டுக் களம், கொழுந்து மடுவத்து முற்றம், கோவில் மண்டபம், லயத்து நீள வாசலில் சிமெந்து போட்ட பகுதி எதுவும் போதும். தொழிற்சாலை முற்றமென்றால் லொறி வராத நேரம் பார்த்து, கேட்டுவிட்டுப் போங்கள். சனசமூக நிலையத்தில் பட்மிண்டன் தளம் கோடு போட்டிருந்தால் இன்னும் வசதி: சரியாகக் கோடிட்ட தளத்தின் முழு நீளம் 13.40 மீட்டர். டேப் சரியா என்று பார்க்கவும் அது உதவும்.

மிக இலேசான சரிவு பெரிய பிழை தராது, டேப் தரையோடு ஒட்டிக் கிடந்தால் சரி. செங்குத்தான இடம்தான் கூடாது. இறக்கத்தில் பாரம் முன் சில்லுக்குப் போய்ச் சேரும், ஏற்றத்தில் பின் சில்லுக்கு. இரண்டிலும் டயர் அழுந்தும் அளவு மாறும். கல்லுரோட்டில் அளக்கவே வேண்டாம். ஒவ்வொரு கல்லிலும் ஏறி இறங்கும் தூரத்தை டேப் பார்க்காது.

உதவிக்கு ஆள் இல்லை. தனியாக அளக்கலாமா?

அளக்கலாம், உண்மையில் அதுவே அதிகத் திருத்தமான வழி. டயரின் நடுவில் சிறு பொட்டாகப் பற்பசை வையுங்கள், கடலை அளவு போதும். சிமெந்துத் தரையில் ஏறி மெதுவாக நேராக ஓடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் தரையில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். முதல் பொட்டு பெரிதாகப் பரவியிருக்கும், அதை விட்டுவிடுங்கள். இரண்டாம் பொட்டின் நடுவிலிருந்து ஏழாம் பொட்டின் நடுவரை அளந்து ஐந்தால் வகுங்கள். உங்கள் முழுப் பாரத்தோடும், உண்மையான ஓட்டத்தோடும் வந்த எண் அது. ஓட்டம் நேராக இருந்ததா என்பதும் பொட்டுகளைப் பார்த்தாலே தெரியும்.

மழைக்காலத்தில் ஈரத் தரையில் பொட்டு கரைந்துவிடும். அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்தில் மே தொடக்கம் செப்டெம்பர் வரை கூரைக்குக் கீழே அளப்பதுதான் நடைமுறை. பதுளை, வெலிமடைப் பக்கம் அந்த மாதங்களில் வெளியிலேயே அளக்கலாம்.

எண் கிடைத்துவிட்டது. மீட்டரில் எப்படி ஏற்றுவது?

மீட்டருக்கு மீட்டர் பொத்தான் மாறும், ஆனால் போக்கு ஒன்றுதான். பற்றரி போட்டதும், அல்லது ஒரு பொத்தானை இரண்டு மூன்று வினாடி அழுத்திப் பிடித்ததும் நான்கு இலக்க எண் ஒன்று தெரியும், அதில் ஓர் இலக்கம் மின்னும். ஒரு பொத்தான் அந்த இலக்கத்தை ஒவ்வொன்றாகக் கூட்டும், மற்றது அடுத்த இலக்கத்துக்கு நகர்த்தும். கடைசி இலக்கம் முடிந்ததும் கிலோமீட்டரா மைலா என்று கேட்கும் (சிலவற்றில் இதுதான் முதலில் வரும்). சிலவற்றில் சில விநாடி ஒன்றும் அழுத்தாமல் விட்டால் பாதியிலேயே வெளியேறிவிடும், எண் பதியாது. ஆகவே எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். முடிந்தபின் திரும்ப உள்ளே போய், வைத்த எண்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மின்னும் எண் மூன்று இலக்கம் மட்டுமென்றால் மீட்டர் சென்ரிமீட்டரில் கேட்கிறது. 2047க்குப் பதில் 205 வையுங்கள். சில மலிவு மீட்டர்கள் சுற்றளவைக் கேட்காமல் விட்டத்தைக் கேட்கும். அப்போது 2047ஐ 3.1416ஆல் வகுத்து 652 வைக்க வேண்டும். விட்டம் கேட்கும் மீட்டரில் சுற்றளவை வைத்தால் வேகம் மூன்று மடங்காகத் தெரியும், உடனே பிடிபட்டுவிடும்.

பின்பக்கத்தில் ஊசித் துளை போல ஒரு மீளமைப்புப் பொத்தான் இருந்தால் அதை அழுத்த வேண்டாம். மொத்தத் தூரம் உட்பட எல்லாம் அழிந்துவிடும்.

வைத்த எண் சரியா என்று ரோட்டில் சரிபார்க்க முடியுமா? கிலோமீட்டர் கட்டைகள் இருக்கின்றனவே.

முடியும். ஆனால் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைவரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ரோட்டை அகலப்படுத்தி வளைவு திருத்திய இடங்களில் இரண்டு கட்டைக்கு நடுவே தூரம் கூடியும் குறைந்தும் இருக்கும். அதோடு மீட்டர் 0.01 கிலோமீட்டர்வரைதான் காட்டும், ஒரு கிலோமீட்டரில் அதுவே 1 சதவீதம். குறைந்தது ஐந்து கட்டை ஓடுங்கள், பத்து என்றால் நல்லது.

எந்த ரோடு என்பதும் முக்கியம். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பகுதியோ, இறம்பொடை வளைவுகளோ இதற்குப் பொருந்தாது. வளைவில் உள்ளோரமாகத் திரும்புபவருக்குத் தூரம் குறையும், செங்குத்தில் பாம்பு போல நெளிந்து ஏறுபவருக்குத் தூரம் கூடும். வளைவு குறைந்த துண்டைத் தேர்ந்து, உங்கள் பக்கத்து ஓரத்திலேயே போய், திரும்பியும் வந்து, இரண்டின் சராசரியை எடுங்கள்.

திருத்தும் கணக்கு: புது எண் = பழைய எண் × உண்மைத் தூரம் ÷ மீட்டர் காட்டிய தூரம். மீட்டரில் 2155 இருக்கிறது, 5 கிலோமீட்டருக்கு அது 5.12 காட்டியது என்றால், 2155 × 5 ÷ 5.12 = 2104. பட்டியலைப் பார்த்தால் கதை புரியும்: 700×32சிக்கு உரிய எண்ணை வைத்துவிட்டு 700×25சி டயரில் ஓடியிருக்கிறீர்கள்.

கட்டையும் டேப்பும் ஒத்துவராவிட்டால் டேப்பை நம்புங்கள்.

கைபேசியின் ஜி.பி.எஸ். தூரத்தோடு ஒப்பிட்டால் எப்போதும் மீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது. ஜி.பி.எஸ். தானே சரி?

கொழும்பில், நேர் ரோட்டில், திறந்த வானத்தின் கீழ் என்றால் ஜி.பி.எஸ்ஸை ஓரளவு அளவுகோலாக எடுக்கலாம். மலையகத்தில் எடுக்க வேண்டாம்.

கைபேசி சில வினாடிக்கு ஒரு புள்ளி எடுத்து, புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கிறது. கொண்டை ஊசி வளைவில் அந்தக் கோடு வளைவை வெட்டிக்கொண்டு போகும். 10 மீட்டர் ஆரையுள்ள அரைவட்ட வளைவில் நீங்கள் 31 மீட்டர் ஓடுவீர்கள். வளைவின் இரு முனையிலும் மட்டுமே புள்ளி விழுந்தால் ஜி.பி.எஸ். 20 மீட்டர் என்று எழுதும். பற்றரி மிச்சம் பிடிக்கும் முறையில் கைபேசி இருந்தால் இப்படித்தான் நடக்கும். இறம்பொடையில் எத்தனை வளைவு என்று எண்ணிப் பாருங்கள்.

ஏற்றத்தின் சரிவும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது சிறியது. தட்டையான வரைபடத் தூரத்தைவிடச் சரிவுத் தூரம் 7 சதவீத ஏற்றத்தில் 0.25 சதவீதமும், 10 சதவீத ஏற்றத்தில் 0.5 சதவீதமும்தான் கூடும். 7 சதவீதத்தில் 10 கிலோமீட்டர் ஏறினால் 24 மீட்டர். இதைக் காரணம் காட்டி 2 சதவீதப் பிழையைச் சாதாரணம் என்று விட்டுவிட முடியாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. யூக்கலிப்டஸ் மரங்களுக்குக் கீழே, ஒரு பக்கம் செங்குத்துப் பாறை உள்ள ரோட்டில் சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்பிவரும், புள்ளி இங்கும் அங்கும் தாவும். தேநீர்க்கடையில் கால் மணி நேரம் நின்றால், நின்ற இடத்திலேயே தூரம் கூடும். அதனால் ஒரு நாள் ஜி.பி.எஸ். குறைவாகவும் மறுநாள் கூடுதலாகவும் காட்டலாம். சரியாக அளந்த சில்லு தினமும் ஒரே மாதிரித்தான் காட்டும்.

என்னுடையது ஜி.பி.எஸ். மீட்டர். அச்சில் மாட்டும் சென்சாரும் உண்டு. சில்லின் அளவைத் தானாகக் கணிக்கும் என்கிறது. விடலாமா?

அது சென்சாரின் சுற்று எண்ணிக்கையை ஜி.பி.எஸ். தூரத்தோடு ஒப்பிட்டுச் சில்லின் அளவைக் கணிக்கிறது. மேலே சொன்ன வளைவுப் பிழை முழுவதும் அந்தக் கணிப்புக்குள் போய்விடும். அமைப்பில் தானியங்கி என்பதை மாற்றி, கையால் அளந்த எண்ணை வையுங்கள். தானாகக் கணிக்கவே வேண்டுமென்றால் வளைவில்லாத, வானம் திறந்த ரோட்டில் ஒருமுறை கணிக்கவிட்டு, வந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு, உடனே கைமுறைக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள்.

கொழும்பில் காற்றடித்துவிட்டு நுவரெலியாவுக்கு வந்தால் டயர் பெருத்து, சுற்றளவு மாறுமா?

கிட்டத்தட்ட மாறாது, காரணம் சுவையானது. நுவரெலியா நகரம் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே கடற்கரையைவிட ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. (டயர்க் காற்றின் அழுத்தத்தை அளக்கும் அலகு) குறைவு. அதனால் கொழும்பில் 80 காட்டிய டயர் இங்கே 83 காட்ட வேண்டும். ஆனால் குளிரும் சேர்ந்து வருகிறது: 30 பாகையிலிருந்து 15 பாகைக்கு இறங்கினால் உள்ளே உள்ள காற்று சுருங்கி 4, 5 பி.எஸ்.ஐ. குறைந்துவிடும். ஒன்று ஏற்றியதை மற்றது இறக்கிவிடுகிறது, முடிவில் 78 அளவில் நிற்கும்.

நாள் கணக்கில் காற்று மெல்ல இறங்குவதுதான் உண்மையில் கவனிக்க வேண்டியது. காற்றுக் குறைந்த டயர் அதிகம் அழுந்தும், ஒரு சுற்றில் போகும் தூரம் குறையும், மீட்டரோ பழைய எண்ணாலேயே பெருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை காற்றைப் பாருங்கள். மீட்டருக்கும் நல்லது, கல்லுரோட்டில் ரிம்முக்கும் நல்லது.

டயர் தேய்ந்தால் திரும்ப அளக்க வேண்டுமா?

டயரின் மேல்தோல் 1 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவு 6 மி.மீ. குறையும், அதாவது 0.3 சதவீதம். கட்டை கட்டையாகப் பல் உள்ள மவுண்டன் டயர் 3 மி.மீ. தேய்ந்துபோனால் 19 மி.மீ., அது தெரியும் அளவு. வருடத்துக்கு ஒருமுறையும், டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அளந்தால் போதும். புது டயரைப் போட்ட அன்றே அளக்காமல் ஒரு வாரம் ஓடிவிட்டு அளங்கள், முதல் சில நாளில் அது சற்று விரியும்.

டியூப் மாற்றினால் அளக்கத் தேவையில்லை.

காந்தத்தை ரிம்முக்கு அருகில் மாட்டினால் வேகம் கூடக் காட்டுமா?

காட்டாது. எங்கே இருந்தாலும் ஒரு சுற்றுக்கு ஒரு தடவைதான் கடக்கும். ஆனால் அச்சுக்கு அருகில் இருக்கும் காந்தம் மெதுவாகக் கடக்கும், சுவிட்ச் மூடித் திறக்க அதிக நேரம் கிடைக்கும். நீண்ட இறக்கங்களில் வேகமாகப் போகிறவர்கள் இயன்ற அளவு அச்சுப் பக்கமாக மாட்டுவது நல்லது. கம்பியில்லா மீட்டர் என்றால் சென்சாருக்கும் மீட்டருக்கும் இடையே 60, 70 சென்ரிமீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றளவு சரி. ஆனாலும் சிலநேரம் வேகம் பாதியாகிறது, சிலநேரம் 99 காட்டுகிறது. ஏன்?

இவை அளவின் பிழையல்ல, எண்ணிக்கையின் பிழை. எண்ணை மாற்றி இதைத் திருத்தப் போனால் இரண்டு பிழை சேர்ந்துவிடும். ஒரு நல்ல சோதனை: முன் சில்லைத் தூக்கிச் சீராகச் சுற்றிவிடுங்கள். வேகம் படிப்படியாக இறங்க வேண்டும். இடையில் விழுந்து எழுந்தால் பிழை சென்சார்ப் பக்கம்.

பாதியாவதும் பூச்சியமாவதும் சுற்றுகள் தவறுவதால். காந்தம் கம்பியில் வழுகி நகர்ந்திருக்கும், அல்லது இடைவெளி கூடியிருக்கும். காந்தம் சென்சாரின் குறிக்கு நேரே, 5 மி.மீ.க்குள், ஆனால் உரசாமல் இருக்க வேண்டும். 2, 3 மி.மீ. நல்ல இடைவெளி. கல்லுரோட்டில் ஓடும் சைக்கிளில் காந்தத்தின் திருகை மாதம் ஒருமுறை இறுக்குங்கள், கேபிள் டை போட்ட சென்சாருக்கு அடியில் பழைய டியூப் துண்டு ஒன்றை வைத்தால் வழுகாது.

பனிமூட்டத்திலும் மழையிலும் மட்டும் நின்றுபோனால், மீட்டரைக் கழற்றித் தாங்கியில் உள்ள இரண்டு உலோகப் புள்ளிகளைப் பாருங்கள். ஈரமும் பச்சைக் களிம்பும் பிடித்திருக்கும். துடைத்து, பென்சில் அழிறப்பரால் தேய்த்தால் போதும்.

99 காட்டுவது கூடுதல் துடிப்புகளால். கம்பியில்லா மீட்டருக்கு அருகில் மலிவான எல்.இ.டி. லைட் இருந்தால் அதை அணைத்துப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் அதுதான், லைட்டை ஹேண்டிலின் மறு பக்கத்துக்கு மாற்றுங்கள்.

எல்லா நேரமும் சரியாக இரண்டு மடங்கு என்றால் சில்லில் இரண்டு காந்தம் இருக்கிறது. எல்லா நேரமும் 0.62 மடங்கு என்றால் மீட்டர் மைலில் நிற்கிறது.

சென்சாரைப் பின் சில்லில் மாட்டலாமா?

வீட்டுக்குள் ஸ்டாண்டில் மிதிப்பவருக்கு அதுதான் வழி. ரோட்டுக்கு முன் சில்லே நல்லது. ஈரமான தோட்டத்து ரோட்டில் நின்று மிதிக்கும்போது பின் சில்லு வழுக்கிச் சும்மா சுற்றும், மீட்டர் அதையும் தூரமாக எண்ணும். பிரேக் பிடித்து இழுபடும்போது எண்ணாமல் விடும். பின்னால் மாட்டினால் பின் டயரை உங்கள் பாரத்தோடு தனியாக அளக்க வேண்டும். பெரும் பாரம் அங்கேதான் விழுகிறது, ஒரே அளவு டயரென்றாலும் எண் சற்றுக் குறைவாக வரும்.

ஏற்றத்தின் சதவீதத்தையும் என் மீட்டர் காட்டுகிறது. சில்லின் அளவு அதையும் பாதிக்குமா?

பாதிக்கும். ஏறிய உயரத்தை ஓடிய தூரத்தால் வகுத்துத்தான் அந்தச் சதவீதம் வருகிறது. ஆனால் அதில் பெரிய பிழை உயரத்தில் இருந்தே வரும். காற்றழுத்தத்தால் உயரம் அறியும் மீட்டர், வானிலை மாறினால் நின்ற இடத்திலேயே பத்து இருபது மீட்டர் ஏறி இறங்கும். புறப்படும் முன் உயரத்தைத் திருத்திக்கொள்ள மலைநாட்டு ரயில் நிலையங்கள் நல்ல துணை, பெயர்ப்பலகையிலேயே உயரம் எழுதியிருக்கும். பட்டிப்பொலையில் 6,226 அடி, அதாவது 1,898 மீட்டர்.

பற்றரி மாற்றியதும் எல்லாம் அழிந்துவிட்டது.

பெரும்பாலான மீட்டர்களில் அப்படித்தான். பற்றரி (அநேகமாக சி.ஆர். 2032, சில மலிவு மீட்டர்களில் சிறிய பொத்தான் பற்றரி) எடுக்கும் முன் சுற்றளவையும் மொத்தத் தூரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். சுற்றளவு எண்ணை ஒரு துண்டு டேப்பில் டயர் அளவோடும் திகதியோடும் எழுதி மீட்டரின் அடியில் ஒட்டிவிடுவது நல்ல பழக்கம். கம்பியில்லா மீட்டரின் சென்சாருக்கும் தனிப் பற்றரி உண்டு. மார்கழி, தை மாத விடியற்காலைக் குளிரில் பழைய பற்றரி முதலில் அங்கேதான் கைவிடும்.

இத்தனை நாளும் பிழையான எண்ணோடு ஓடிவிட்டேன். மொத்தத் தூரத்தைத் திருத்த முடியுமா?

முடியும், முழுக்க ஒரே டயரில் ஒரே எண்ணோடு ஓடியிருந்தால். மொத்தத் தூரத்தைச் சரியான எண்ணால் பெருக்கிப் பிழையான எண்ணால் வகுங்கள். 2155இல் 1,840 கிலோமீட்டர் சேர்ந்திருக்கிறது, சரியான எண் 2105 என்றால், 1,840 × 2105 ÷ 2155 = 1,797. மொத்தத் தூரத்தைக் கையால் ஏற்ற இடம் தரும் மீட்டரென்றால் 1,797 என்று ஏற்றுங்கள். இடம் தராத மீட்டரென்றால், அடியில் ஒட்டிய டேப்பிலேயே 43 கழிக்க என்று எழுதிவிடுங்கள்.